முகாமில் எது முதலில், எது கூடவே கூடாது

போருக்குத் தப்பி முகாமுக்கு வந்து சேர்ந்தவர்களைப் பெரும்பாலும் கொல்வது வயிற்றுப்போக்கும் தட்டம்மையும் நிமோனியாவும் மலேரியாவும்தான். இவை எல்லாவற்றுக்கும் கதவைத் திறந்துவிடுவது சத்துக்குறைவு. சொந்த ஊரில் நாலு நாளில் நின்றுவிடுகிற பேதி, முகாமில் பிள்ளையைக் கொண்டுபோய்விடுகிறது.

1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து லட்சக்கணக்கானோர் சில நாட்களுக்குள் எல்லை தாண்டி, இன்று காங்கோ எனப்படும் நாட்டின் கோமா நகரில் குவிந்தார்கள். எரிமலைப் பாறை நிலம். கழிப்பறைக் குழி தோண்டக் கடப்பாரை இறங்கவில்லை. கிவு ஏரித் தண்ணீரை அப்படியே மொண்டு குடித்தார்கள். முதல் மாதத்தில் மட்டும் ஏறத்தாழ 50,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் காலராவிலும் சீதபேதியிலும். உதவிக்குப் போன அமைப்புகளுக்கு அங்கே பஞ்சமில்லை. அந்த அனுபவத்துக்குப் பின், 1997இல், தொண்டு அமைப்புகள் கூடி ‘ஸ்பியர்’ என்ற பொது அளவுகோலை எழுதத் தொடங்கின. கீழே வரும் எண்கள் பல அதில் உள்ளவை.

முகாமில் தன்னார்வலராக நிற்கப் போகிறவர்களுக்கும், தெருவில் உண்டியல் குலுக்கிப் பொருள் சேர்க்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: முகாமில் இரக்கம் எல்லாரிடமும் இருக்கிறது, வரிசைதான் இருப்பதில்லை. எதை முதலில் செய்வது, எதை அளவோடு செய்வது, எதைத் தொடவே கூடாது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

செய்ய வேண்டியவை

தண்ணீரைப் பாருங்கள், மருந்துப் பெட்டியை அப்புறம் திறக்கலாம். குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் வேண்டும். தலைக்கு ஒரு குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழாயை நம்பி 250 பேருக்கு மேல் இருக்கக்கூடாது; குழாய் 500 மீட்டருக்குள் இருக்க வேண்டும். டேங்கர் லாரி வந்து தொட்டியை நிரப்பியதோடு பலர் கையைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். தொட்டியில் குளோரின் இருக்கும். குடிசைக்குள் இருக்கும் குடத்தில் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை மிச்சம் இருந்தால்தான் அந்தத் தண்ணீரை நம்பலாம். வாய் அகன்ற வாளியில் குழந்தைகள் கையை விட்டு மொள்ளும்போது எவ்வளவு நல்ல தண்ணீரும் ஒரே மாலையில் கெட்டுவிடும். அதனால் வாய் குறுகிய, மூடியுள்ள கேனைக் கொடுங்கள். கூடவே சோப்பு: மாதத்துக்குத் தலைக்கு 250 கிராம் குளியல் சோப்பு, 200 கிராம் துணி சோப்பு. வாங்கிக் கொடுக்க ஆள் கிடைக்காத பொருள் இதுதான், ஏனென்றால் சோப்பைக் கொடுப்பது போட்டோவில் அழகாக விழுவதில்லை.

கழிப்பறைக் குழியைக் கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளித் தோண்டுங்கள். 2017 ஆகஸ்ட் 25க்குப் பிறகு மியான்மரின் ராக்கைனிலிருந்து ரோஹிங்யா மக்கள் ஏழு லட்சம் பேருக்கு மேல் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாருக்கு வந்தபோது, மண்சரிவு மேடுகளில் ஆழமில்லாத அடிபம்புகளும் கழிப்பறைக் குழிகளும் பக்கத்துப் பக்கத்தில் முளைத்தன. அவசரத்தில் போட்டதையெல்லாம் பிறகு மூடி, மறுபடி தோண்ட வேண்டியதாயிற்று. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே மழை வந்தால் நீர் எந்தப் பக்கம் ஓடும் என்று அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கேளுங்கள். 2009 ஆகஸ்டில் பெய்த மழையில் இலங்கையின் வவுனியா செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாமில் கூடாரங்களுக்குள் தண்ணீர் புகுந்தது, கழிப்பறைகள் நிரம்பி வழிந்தன. அந்த ஆண்டு அங்கே மஞ்சள் காமாலையும் பரவியது. வன்னியில் மாதக்கணக்கில் இடம் மாறி மாறி ஓடி வந்த சனம், கடைசியில் வந்து சேர்ந்த இடம் அது.

கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாளும் போகும் வழியில் விளக்கும் போடுங்கள். இதைப் பாதுகாப்புக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள், நமக்கென்ன என்று சுகாதாரக் குழு ஒதுங்கக்கூடாது. இருட்டில் போகப் பயந்து பெண்கள் சாயங்காலத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். சிலர் இரவுச் சாப்பாட்டையே விட்டுவிடுகிறார்கள். நீர்க்கடுப்பு என்று உங்கள் கிளினிக் வரிசையில் வந்து நிற்பவர்களில் பாதிக்கு மருந்து ஒரு தாழ்ப்பாளாக இருக்கலாம்.

ஓஆர்எஸ் கரைக்கத் தாய்மாருக்குக் கற்றுக்கொடுங்கள். 1971இல் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்க எல்லையில் பன்காவ் மருத்துவமனையில் காலரா நோயாளிகள் தரையெல்லாம் கிடந்தார்கள். டிரிப்ஸ் பாட்டில்கள் தீரத் தொடங்கின. டாக்டர் திலீப் மஹலநபிஸ் அப்போது துணிந்து ஒன்று செய்தார். உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் கல்கத்தாவில் அளந்து பொட்டலம் கட்டி வரவழைத்து, குழாய் வைத்த டிரம்களில் கரைத்து வைத்தார். நோயாளியின் சொந்தக்காரர்களே பிடித்துவந்து புகட்டினார்கள். நூற்றுக்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு 4க்கும் கீழே இறங்கியது. நர்ஸ் இல்லாமல், ஊசி இல்லாமல், அம்மாவும் அக்காவும் செய்த வைத்தியம் அது. பத்ம விபூஷண் அவர் 2022இல் இறந்த பிறகுதான் வந்தது.

இன்றும் முகாமில் செய்ய வேண்டியது அதேதான். ஒரு பொட்டலம், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், கரண்டி கரண்டியாக. குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடுக்கச் சொல்லுங்கள். “போகிற வயிற்றுக்குத் தண்ணி குடுத்தா இன்னும் போகும்” என்று பாட்டிகள் சொல்வது நம் ஊரில் மட்டுமல்ல, எல்லா ஊர் முகாம்களிலும் கேட்கிற பேச்சு. பாட்டியிடம் வாதாடாமல், அவர் கையிலேயே கரண்டியைக் கொடுத்துப் புகட்டச் சொன்னால் வேலை சுலபம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் துத்தநாக மாத்திரை 20 மில்லிகிராம், அதற்குக் குறைந்த வயதானால் 10 மில்லிகிராம், 10 முதல் 14 நாள். பேதி நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுவார்கள், தொடரச் சொல்லுங்கள். தாய்ப்பாலையும் சோற்றையும் எந்தக் கட்டத்திலும் நிறுத்தக்கூடாது.

தட்டம்மைத் தடுப்பூசியை முதல் நாட்களிலேயே போடுங்கள், அட்டை கேட்காதீர்கள். அட்டை எரிந்துபோன வீட்டில் இருக்கிறது. ஆறு மாதம் முதல் 15 வயது வரை எல்லாருக்கும் ஊசி, ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குக் கூடவே வைட்டமின் ஏ. ஏற்கெனவே போட்டிருந்தாலும் இன்னொரு முறை போடுவதால் கெடுதல் இல்லை. பல ஆண்டுகள் தடுப்பூசி எட்டாத சனத்திடையே எதெல்லாம் திரும்பி வரும் என்பதற்குக் காக்ஸ் பஜாரே சாட்சி. 2017 கடைசியில் அங்கே தொண்டை அடைப்பான் ஆயிரக்கணக்கில் பரவியது. இளம் டாக்டர்கள் பாடப்புத்தகத்தில் மட்டும் படித்திருந்த நோய்.

குழந்தையின் கையை அளவெடுங்கள், காலை அழுத்திப் பாருங்கள். மூன்று நிறம் அடித்த ஒரு நாடா போதும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தையின் இடது மேற்கையில் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றுங்கள். இறுக்காதீர்கள், தொளதொளவென்றும் விடாதீர்கள். 125 மில்லிமீட்டருக்குக் கீழே மஞ்சள்: மெலிவு. 115க்குக் கீழே சிவப்பு: அன்றே சிகிச்சை. பிறகு இரண்டு பாதங்களின் மேற்புறத்தையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுங்கள். இரண்டிலும் குழி விழுந்து நின்றால் நாடா என்ன சொன்னாலும் அது கடுமையான சத்துக்குறைவு. “குண்டாத்தானே இருக்கான், இவனுக்கு என்ன?” என்று அம்மா கேட்பார். ஊதின கன்னத்தைப் பார்த்துத் தன்னார்வலர்களும் ஏமாந்து வரிசையில் அடுத்த குழந்தையைக் கூப்பிட்டுவிடுவார்கள். இந்த நாடாவைத் தாய்மாருக்கே கொடுத்துப் பழக்கினால் வாரம் ஒரு முறை அவர்களே அளந்துகொள்வார்கள்.

சிவப்பில் வந்த குழந்தைக்கு வேறு சிக்கல் இல்லாமல், பசியும் எடுத்தால், மருத்துவமனைப் படுக்கை தேவையில்லை. நிலக்கடலை, பால்பவுடர், சர்க்கரை, எண்ணெய், சத்துக்கலவை சேர்த்து அரைத்த பசை 92 கிராம் பாக்கெட்டில் வருகிறது. ஒன்றில் 500 கிலோகலோரி. தண்ணீர் கலக்க வேண்டாம், சமைக்க வேண்டாம், பிய்த்து அப்படியே சாப்பிடலாம். தண்ணீர் கெட்டுக் கிடக்கும் இடத்தில் இதைவிடப் பெரிய வசதி கிடையாது. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு ரேஷனும் கொடுங்கள். பசியோடு அண்ணன் பார்த்துக்கொண்டிருக்கத் தம்பிக்கு மட்டும் ஊட்ட எந்தத் தாயாலும் முடியாது. பாக்கெட்டைப் பங்கு வைத்துவிட்டாள் என்று அவளைத் திட்டுவதில் பயனில்லை.

ரேஷனில் கலோரியோடு வகையையும் எண்ணுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கிலோகலோரி என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. அந்தக் கணக்கை மட்டும் பார்த்து மோசம் போன முகாம்கள் உண்டு. மொசாம்பிக்கிலிருந்து மலாவிக்குப் போன அகதிகள் மக்காச்சோளத்தை நம்பியிருந்தார்கள்; நயாசின் என்ற சத்து அவர்களுக்கு ரேஷன் நிலக்கடலையிலிருந்துதான் கிடைத்துவந்தது. கடலை வரத்து நின்றதும் 1990இல் 18,000 பேருக்கு மேல் பெலக்ரா வந்தது. கழுத்தைச் சுற்றித் தோல் கறுத்து உரியும், பேதி போகும், புத்தி தடுமாறும். வயிறு நிறைந்தவர்களுக்கு வந்த நோய் இது.

அடுத்தது நமக்கு நெருக்கமான செய்தி. 1990களில் பூடானிலிருந்து விரட்டப்பட்டு நேபாளத்தின் தென்கிழக்கு முகாம்களில் இருந்தவர்களுக்குத் தீட்டிய பச்சரிசி ரேஷனாகக் கொடுக்கப்பட்டது. பெரிபெரி வந்தது: கால் மரத்தது, வீங்கியது, இதயம் தளர்ந்தது. பிறகு புழுங்கல் அரிசிக்கு மாற்றினார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுவதால் தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. நம் வீட்டுச் சோற்றுப் பானையில் இருக்கிற அறிவுதான். ஆனால் அரிசியை மாற்றும்போது சாப்பிடுகிறவர்களைக் கேட்டு மாற்ற வேண்டும். பிடிக்காத அரிசி சந்தையில் பாதி விலைக்குப் போய்விடும்.

அடுப்பையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மாவு ஆலை இல்லாத முகாமுக்கு முழுக் கோதுமை, விறகு இல்லாத முகாமுக்குக் கொண்டைக்கடலை அனுப்புவது கொடுத்தும் கொடுக்காத கணக்கு. காக்ஸ் பஜாரில் 2018 முதல் காஸ் சிலிண்டர் கொடுக்கத் தொடங்கிய பிறகு, விறகுக்காகக் காட்டுக்குள் போவது குறைந்தது, வெட்டுப்பட்ட மேடுகளிலும் பச்சை திரும்பியது. அதே முகாம்களில் 2023இல் பணம் போதாமல் மாத உணவுத்தொகையை ஆளுக்கு 12 டாலரிலிருந்து 10 ஆகவும், பிறகு 8 ஆகவும் குறைத்தார்கள். எட்டு டாலரில் ஒரு மாதம். நாடாவில் மஞ்சளும் சிவப்பும் எங்கிருந்து வருகின்றன என்று வேறு எங்கும் தேட வேண்டாம்.

சர்க்கரை நோயாளிகளையும் பிரஷர் மாத்திரைக்காரர்களையும் தேடிப் போங்கள். அவர்களாக வந்து கேட்கமாட்டார்கள். காயம்பட்டவர்கள் இருக்க நான் எதற்கு என்று மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். ஜோர்தானில் சிரிய அகதிக் குடும்பங்களைக் கணக்கெடுத்தபோது பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் இப்படி நீண்டநாள் நோயாளி ஒருவராவது இருந்தார். இன்சுலினுக்குப் பிரிட்ஜ் இல்லையே என்பது இனி சாக்கு இல்லை. கென்யாவின் தாதாப் முகாமில் கிடைத்த வெப்ப அளவுகளை வைத்துச் செய்து 2021இல் வெளியான ஆய்வில், 25 முதல் 37 டிகிரி வரை ஏறி இறங்கும் சூட்டில் நாலு வாரம் இருந்தும் இன்சுலின் வீரியம் குறையவில்லை என்று தெரிந்தது. மண்பானைக்குள் வைத்தால் சூடு இன்னும் அடங்கும்.

பிரசவம் போர் முடியட்டும் என்று காத்திருக்காது. சுத்தமான விரிப்பு, சோப்பு, புது பிளேடு, தொப்புள்கொடி கட்ட நூல்: மாதம் ஆன ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் இந்தப் பொட்டலம் இருக்கட்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு எச்ஐவி தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள்ளும் அவசரக் கருத்தடை மாத்திரை 120 மணி நேரத்துக்குள்ளும் கிடைக்க வேண்டும். போலீஸ் புகார் இருக்கிறதா என்று கேட்டு அந்த மணிகளை வீணாக்காதீர்கள்.

ஏற்கெனவே அடுப்பு மூட்டியவர்களுக்குப் பணம் கொடுங்கள். சூடானின் வடக்கு டார்பூரில் ஜம்ஜம் முகாமில் பஞ்சம் நிலவுகிறது என்று 2024 ஆகஸ்டில் நிபுணர் குழு முறைப்படி அறிவித்தது. லாரிகள் உள்ளே போக முடியவில்லை. பக்கத்தில் முற்றுகையில் இருந்த எல் பாஷெரில் மக்கள் கடலைப் புண்ணாக்கைத் தின்றார்கள், மாட்டுக்கு வைக்கிற அதே புண்ணாக்கு. அந்த நிலையிலும் ‘தகாயா’ என்ற பொதுச் சமையலறைகளைத் தெருக்காரர்களே நடத்தினார்கள். பெரிய அமைப்புகளின் கிடங்கிலிருந்து மூட்டை வரும்வரை அந்த அண்டாக்கள்தான் பலருக்கு ஒரு வேளைச் சோறு. கைப்பேசி வழியாக அவர்களுக்குப் போன பணம், எல்லையில் நின்ற லாரியைவிடச் சீக்கிரம் போய்ச் சேர்ந்தது.

செய்யக்கூடாதவை

பால்பவுடரும் பால் பாட்டிலும் அனுப்பாதீர்கள். நிவாரணம் என்றதும் முதலில் சேர்வது இதுதான். முகாமுக்குள் வரும் பொருள்களில் கைக்குழந்தைக்கு இவ்வளவு ஆபத்தான வேறொன்று இல்லை என்பது என் எண்ணம். கலக்கக் கெட்ட தண்ணீர், பாட்டிலைக் கொதிக்க வைக்க விறகில்லை, டின் சீக்கிரம் தீரக்கூடாதென்று தாய் நீர்த்துக் கலக்குவாள். பேதி வரும். இதற்குள் தாய்ப்பாலும் குறைந்திருக்கும். “பயத்துல பால் வத்திப்போச்சு” என்று தாய்மார் சொல்வார்கள். பயமும் அலைச்சலும் பால் இறங்குவதைச் சற்றுத் தாமதிக்கச் செய்யும், சுரப்பதை நிறுத்துவதில்லை. குழந்தையை அடிக்கடி மார்பில் போட்டால் மறுபடி வரும். அவளுக்கு வேண்டியது மறைவாக உட்கார ஓர் இடம், குடிக்கத் தண்ணீர், இரண்டு கவளம் கூடுதல் சோறு, பக்கத்தில் அனுபவமுள்ள ஒரு பெண். தாயை இழந்த குழந்தைக்கு வேறு தாயின் பால் கிடைக்குமா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் சுகாதாரப் பணியாளர் கண்காணிப்பில், பாட்டிலில் இல்லாமல் கிண்ணத்தில் பால் புகட்டலாம். கூட்டத்தில் டின்களை வீசுவது வேறு விஷயம்.

எலும்பும் தோலுமாக வந்தவருக்கு வயிறு முட்ட ஊட்டாதீர்கள். 1945 ஏப்ரலில் பெர்கன்-பெல்சன் வதைமுகாமை விடுவித்த பிரிட்டிஷ் படையினர் தங்கள் ரேஷனையே அள்ளிக் கொடுத்தார்கள். கொழுப்பு மிகுந்த அந்தச் சாப்பாட்டைத் தாங்காமல் பலர் இறந்தார்கள். பட்டினியில் சுருங்கிய உடம்புக்குத் திடீரென்று சோறு போனால் ரத்தத்தில் பாஸ்பரசும் பொட்டாசியமும் சரிந்து இதயம் நின்றுவிடக்கூடும். மருத்துவமனையில் சேர்த்த குழந்தைக்கு எப்-75 என்ற மெல்லிய பாலை எடைக்கு ஏற்ப அளந்து, இரண்டு மூன்று மணிக்கொரு முறை, இரவிலும் எழுப்பிக் கொடுப்பது அதனால்தான். அந்த வார்டுக்குள் பிஸ்கட் பாக்கெட்டோடு நுழையாதீர்கள்.

வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளை மூட்டை கட்டாதீர்கள். 1992 முதல் 1996 வரை போஸ்னியாவுக்கு வந்த மருந்து நன்கொடையில் ஏறத்தாழ 17,000 டன் பயன்படாதவை: காலாவதியானவை, பெயர் புரியாதவை, யாருக்கும் தேவைப்படாதவை. போர் நடக்கிற நாடு அந்தக் குப்பையை அழிக்கவும் செலவழிக்க வேண்டியிருந்தது. பழைய துணிக்கும் இதே கதை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் யாரும் தொடாமல் மழையில் ஊறிக் கிடந்த துணிக்குவியல்கள் பலருக்கு நினைவிருக்கும்.

ஒரு நாள் மருத்துவ முகாம் போட்டுவிட்டு மறையாதீர்கள். மூன்று நாள் ஆன்டிபயாடிக்கும் ஒரு பேனரும் யாருக்கும் உதவாது.

நடந்ததைச் சொல்லு சொல்லு என்று கிளறாதீர்கள். பேச வந்தால் கேளுங்கள். பேசாவிட்டால் சாப்பிட்டாரா, தூங்கினாரா, தொலைந்த சொந்தக்காரரைத் தேட யாரைப் பார்ப்பது என்பதைக் கவனியுங்கள். மெலிந்த குழந்தையின் படத்தைத் தாயைக் கேட்காமல் எடுக்காதீர்கள். அவள் வரிசையில் உங்கள் கையிலிருந்து பாக்கெட் வாங்க நிற்கும்போது கேட்டு வாங்கும் சம்மதமும் சம்மதம் ஆகாது.

முகாம் வேலிக்கு வெளியே இருக்கும் கிராமத்தை மறக்காதீர்கள். அவர்கள் கிணறும் விறகும் மேய்ச்சல் நிலமும்தான் பங்கு போடப்படுகின்றன. தடுப்பூசியும் கிளினிக்கும் அவர்களுக்கும் திறந்திருக்கட்டும்.

ரேஷன் வரிசையில் நிற்க முடிந்தவர்களுக்கு மட்டும் கொடுத்துவிட்டுக் கிடங்கைப் பூட்டாதீர்கள். படுத்த படுக்கையான கிழவியும் கால் இழந்தவரும் வரிசைக்கு வரமாட்டார்கள்.

சாவைச் சொன்ன குடும்பத்தின் அட்டையில் அன்றே பெயரை அடிக்காதீர்கள். முகாமில் ஒரு நாளைக்கு 10,000 பேருக்கு ஒருவர் இறந்தாலே அவசரநிலை என்று கொள்கிறார்கள்; ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் அது இரண்டு. இந்த எண் ஏறுவதைப் பார்த்துத்தான் தண்ணீர்க் குழுவையும் தடுப்பூசிக் குழுவையும் எங்கே அனுப்புவது என்று முடிவாகிறது. பெயரை அடித்தால் ஒரு பங்கு அரிசி போய்விடும் என்று தெரிந்தால், குடும்பம் இரவோடு இரவாகப் புதைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும், காலராவும் ஒரு வாரம் தாமதமாகத்தான் உங்களுக்குத் தெரியவரும். அந்த மாத அரிசியைக் கொடுத்துவிடுங்கள். புதைகுழி வெட்டுகிறவருக்குச் சம்பளம் கொடுத்து, தினமும் காலையில் எண்ணிக்கை வாங்குங்கள்.